கார் வராத கரைகள்: பிரான்சில் மிதிவண்டிப் பயணம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். வரும் செப்டம்பரில் பத்து நாட்கள் பிரான்சின் கிராமப்புறத்தில் மிதிவண்டியில் சுற்ற விரும்புகிறோம். மேடு ஏறும் தெம்பு அதிகம் இல்லை. பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவும் மனமில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: துலூஸ் நகரில் தொடங்கி, கரோன் கால்வாயின் கரையோடு மேற்கே செல்லுங்கள். துலூஸிலிருந்து காஸ்தே-ஆன்-தோர்த் என்னும் சிற்றூர் வரை 193 கிலோமீட்டர் நீளும் இக்கால்வாயின் ஓரத்தில், அந்நாளில் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதை, இன்று பெரும்பகுதி தார் போட்ட மிதிவண்டிப் பாதையாக இருக்கிறது. மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத இத்தகைய பாதைகளைப் பிரெஞ்சில் 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை என்பார்கள். நடப்பவர்களுக்கும் அதில் உரிமை உண்டு என்பதால், மணியை அடித்துவிட்டு மெதுவாகக் கடப்பதே அங்குள்ள மரியாதை.

மேற்கு நோக்கிச் செல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கால்வாய், படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் 53 மதகுத் தொட்டிகளின் வழியாகப் படிப்படியாக ஏறத்தாழ 128 மீட்டர் கீழே இறங்குகிறது; அந்த இறக்கம் 193 கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதால் அது இறக்கம் என்றே உங்களுக்குத் தெரியாது, ஆனால் ஏற்றம் இல்லை என்பது முழங்காலுக்குத் தெரியும். மேற்கிலிருந்து எதிர்க்காற்று வீசும் நாட்களில் மட்டும் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும்.

இக்கால்வாயின் அமைதிக்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. 1838-இல் தொடங்கிய வேலை முடிந்து 1856-இல் கால்வாய் முழுமையடைந்தபோது, போர்தோவையும் துலூஸையும் இணைக்கும் ரயில் பாதையும் அதே ஆண்டில் அதன் பக்கத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது. சரக்கெல்லாம் படிப்படியாக ரயிலுக்குப் போய்விட்டது. அந்த ரயில் இப்போது உங்களுக்கு உதவும்: களைப்பாக இருந்தாலும் மழை பிடித்துக்கொண்டாலும், முவாசாக், ஆஜன், மார்மாந்த் ஆகிய ஊர்களில் பாதையிலிருந்து சிறிது தொலைவிலேயே நிலையம் இருப்பதால், மிதிவண்டியோடு ஏறிவிடலாம்.

முவாசாக்கில் ஒரு பகலாவது தங்குங்கள். அங்குள்ள மடாலயத்தின் உள்முற்றத் தாழ்வாரம் 1100-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தூண்களின் 76 உச்சிப் பகுதிகளும் சிற்பம் செதுக்கப்பட்டவை. அதைத் தாண்டி ஆஜனுக்குப் போகும் வழியில், கோல்ஃபெஷ் அணுமின் நிலையத்தின் இரண்டு பெருங்கோபுரங்கள் நெடுநேரம் கண்ணில் நின்றுகொண்டிருக்கும். சுற்றுலாக் கையேடுகளின் படங்களில் அவற்றைத் தேடாதீர்கள். ஆஜனில் கால்வாயே 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் நீளக் கற்பாலத்தின் மேல் ஏறி, கரோன் ஆற்றைக் கடக்கிறது. கீழே ஆறு, மேலே கால்வாய், அதன் விளிம்பில் நீங்கள்.

கால்வாய் முடியும் பகுதியிலிருந்து சிறு சாலைகள் வழியே சோவ்தேர்-து-கியென் ஊரை அடைந்தால், அங்கிருந்து போர்தோவின் புறநகர் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மற்றொரு பசுமைப் பாதை. இது கைவிடப்பட்ட ரயில் தடம். இதற்கு ரோஜே லாபெபியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1937-இல் டூர் து பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தபோது வென்றவர் அவர். நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் பத்து நாட்களுக்குள் மொத்தப் பயணமும் அடங்கிவிடும்.

கேள்வி: எல்லோரும் புகழ்வது கனால் து மிதி கால்வாயைத்தானே? யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பரிந்துரைப்பது ஏன் என்று கேட்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 'மிதி' என்றால் பிரெஞ்சில் தெற்கு. தமிழ்க் காதுக்கு அது மிதிவண்டிக்கென்றே வைத்த பெயர்போல ஒலிப்பதால் எனக்கும் அதன்மேல் ஒரு சார்பு உண்டு. பியேர்-போல் ரிக்கே 1660-களில் தொடங்கி, 1680-இல் அவர் இறந்த சில மாதங்களில், 1681-இல் திறக்கப்பட்ட அக்கால்வாய், பொறியியலில் கரோன் கால்வாயைவிடப் பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் மிதிவண்டிக்காரர் பார்க்க வேண்டியது சக்கரத்துக்கு அடியில் இருப்பதை. துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் அருமையான தார்ப்பாதை. ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்த பிறகு நிலைமை மாறும்: அண்மை ஆண்டுகளில் செப்பனிட்டு வந்தாலும், மண்ணும் சரளையும் மரவேர்களும் கொண்ட ஒற்றையடிப் பகுதிகள் வழியில் உண்டு, மழைக்குப் பின் அங்கே மெல்லிய டயர் வழுக்கும். நிழலும் முன்புபோல் இல்லை. 2006-இல் அங்கே கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், கரையெங்கும் நின்ற பிளேன் மரங்களைப் பல்லாயிரக்கணக்கில் பலி வாங்கிவிட்டது. வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள், அவை நிழல் தர இன்னும் காலம் ஆகும். அகலமான டயரும் பொறுமையும் இருந்தால் போய் வாருங்கள். ஓய்வுபெற்ற தம்பதியினரை முதல் பயணத்துக்கே அங்கே அனுப்ப மாட்டேன்.

கேள்வி: நாங்கள் பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஒன்பதும் பதின்மூன்றும் வயதான பிள்ளைகளோடு சைக்கிளில் போக, தூரப் பயணம் இல்லாமல் ஓர் இடம் சொல்ல முடியுமா?
– வாசகர், லா கூர்னவ்

பதில்: பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, சற்றுத் தள்ளியிருக்கும் லா வில்லெத் நீர்த்தேக்கத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உர்க் கால்வாய் வந்து சேரும் இடம் அதுதான். பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக நெப்போலியன் 1802-இல் வெட்ட ஆணையிட்ட கால்வாய் அது. நகரின் தெருக்களைக் கழுவுவதற்கு அதன் நீர் இன்றும் பயன்படுகிறது. கரையோரப் பாதை பான்தன், பொபினி, போந்தி வழியாகக் கிளே-சூயி வரை சுமார் 27 கிலோமீட்டர் செல்கிறது. முதற்பாதி கிடங்குகளும் சுவரோவியங்களும் பாலங்களுமாக நகரம்தான். சின்னப் பிள்ளைக்கு அது வீண் களைப்பு. ஆகவே மிதிவண்டிகளோடு ஆர்.இ.ஆர் பி புறநகர் ரயிலில் மித்ரி கிளைப் பாதையில் ஏறி, செவ்ரான்-லிவ்ரி நிலையத்தில் இறங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரயிலில் மிதிவண்டிக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. இறங்கிய சிறிது நேரத்தில் காட்டுப் பூங்காவின் மரங்கள் கால்வாயோடு வரத் தொடங்கும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 2017 மார்ச் முதல் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை மறக்க வேண்டாம். மூத்த பிள்ளைக்குச் சட்டம் விலக்கு அளித்தாலும் நீங்கள் அளிக்காதீர்கள்.

கேள்வி: கால்வாய்க் கரையில் மூன்று நாள் ஓட்டியபின் சலிப்பு வந்துவிடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். சாதாரணச் சாலைகளில் அமைதியாகப் போக வழியே இல்லையா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை, நேர்கோட்டில் போகும் நீரும் நேர்கோட்டில் நிற்கும் மரங்களும் நான்காம் நாள் கண்ணைச் சொக்க வைக்கும். பிரான்சின் உண்மையான செல்வம் அதன் ஊர்ச் சாலைகளே என்பது என் கருத்து. ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் கொண்ட நாடு அது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தனக்கான சாலைகளைப் பேணுவதால், நாட்டின் சாலைகளில் பாதிக்கும் மேலானவை, சுமார் ஏழு லட்சம் கிலோமீட்டர், ஊராட்சிச் சாலைகளாகவே இருக்கின்றன. பண்ணை வீட்டுக்காரரையும் தபால்காரரையும் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாத சாலைகள் அவற்றில் ஏராளம்.

அவற்றைக் கண்டுபிடிக்க மிஷ்லான் நிறுவனத்தின் வட்டார வரைபடம் ஒன்றை வாங்குங்கள். சிவப்புக் கோடுகளை விலக்குங்கள். மஞ்சள் கோடுகளை வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுங்கள். வெள்ளைக் கோடுகளில் செல்லுங்கள். ஓரத்தில் பச்சை வரி இருந்தால் இயற்கைக் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். சாலையின் குறுக்கே அம்புக்குறி இருந்தால் செங்குத்து: ஒன்று ஐந்து சதவீதத்துக்கு மேல், இரண்டு ஒன்பதுக்கு மேல், மூன்று பதின்மூன்றுக்கு மேல். மூன்று அம்புகளைப் பார்த்தும் துணிந்த ஒரு பிற்பகலில், மிதிவண்டியை நான் சுமந்தேனா அது என்னைச் சுமந்ததா என்பது இன்றுவரை தீரவில்லை.

தொடக்கத்துக்கு லோத் மாவட்டத்தின் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சொல்வேன். ஃபிஜாக் நகரில் ரயிலிலிருந்து இறங்கி, டி41 என்னும் மாவட்டச் சாலையில் ஆற்றோடு கீழ்நோக்கிச் சென்றால், சுண்ணாம்புப் பாறைச் சுவர்களின் அடியில் மார்சிலாக்கின் பாழடைந்த மடாலயத்தைக் கடந்து, பழங்கால மனிதர்கள் குதிரைகளை வரைந்துவைத்த பெஷ் மேர்ல் குகைக்கு அருகிலுள்ள கப்ரெரே வரை செல்லலாம். மாவட்டச் சாலை என்றாலும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்தால் வண்டிகள் குறைவு. ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம்; கிராமப்புறத்தில் பெரும்பாலோர் அதைக் கடைப்பிடிப்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: சைவ உணவுக்காரன் நான். இப்படிப்பட்ட ஊர்களில் என்ன கிடைக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: கிடைக்கும், நேரத்துக்குப் போனால். சிற்றூர்க் கடைகள் நண்பகலில் அடைத்தால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் திறக்கவே மாட்டா. ஒரு திங்கட்கிழமையில் மூன்று ஊர்களைத் தாண்டியும் பூட்டிய கதவுகளையே கண்டு, முந்தைய நாள் ரொட்டியின் காய்ந்த முனையைத் தின்று பொழுது கழித்தவன் நான். ஆகவே காலையில் ரொட்டிக்கடை திறந்ததும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் பழமும் பக்கப்பையில் ஏறிவிட வேண்டும். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே ஒரு குழாய் பெரும்பாலும் இருக்கும். குழாயருகே 'நோன் பொத்தாபிள்', அதாவது குடிக்க உகந்ததல்ல, என்று எழுதியிருந்தால் அதில் முகம் மட்டும் கழுவுங்கள்.