பத்து நிமிடத்தில் சூடேறும் பழைய அவுட்போர்டு மோட்டார்

படகின் பின்னால் மாட்டும் உங்கள் பழைய அவுட்போர்டு மோட்டார் சூடேறுவதற்குத் தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கு ஏற்பக் குளிர்விக்கும் நீரை விடும் வால்வு) காரணமா என்று கேட்டீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். பத்து நிமிடத்தில் சூட்டு அலாரம் அடிக்கிறது, எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே பீய்ச்சும் பக்கவாட்டுத் துளையில் நீர் நூல் போலத்தான் வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் கொண்ட சுழல் சக்கரம்) மேல்தான். மோட்டார் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து இறுகிவிடும், அப்புறம் நிமிராது.

கழற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தத் துளையைத் தடித்த தூண்டில் நரம்பால் குடைந்து பாருங்கள். உப்போ பூச்சிக்கூட்டு மண்ணோ உதிரலாம். கீழே தண்ணீர் உறிஞ்சும் வலையில் பாசி இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கப்புறம் நீர் நன்றாகப் பீய்ச்சியும் அலாரம் அடித்தால், அப்போது தெர்மோஸ்டாட்டுக்கு வரலாம்.

நீர் இன்னும் நூல்தான் என்றால்:

1. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பம்ப் இருக்கும் மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றி இறக்குங்கள். கியர் கம்பி இணைப்பை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
2. இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். நான் புது இம்பெல்லர் போட்டும் மோட்டார் சூடேறியது. பழையதின் துண்டு மேலே போகும் தண்ணீர்க் குழாயில் உட்கார்ந்திருந்தது!
3. திரும்ப மாட்டும்போது அந்தக் குழாய் பம்பின் வாயில் சரியாக இறங்கியதா என்று பாருங்கள்.

சோதித்துப் பார்க்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில நொடிகளிலேயே புது ரப்பர் கருகிவிடும்.