அம்பாசிடருக்கு பிடிஎஃப் பார்த்து ஸ்பானர் பிடிக்கலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் ரிப்பேர் மேனுவல் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்தே இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "என் வண்டிக்கு என்ன விலை கிடைக்கும்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்த வேலை எனக்குத் தெரியாது. மற்றவற்றைப் பார்ப்போம்.

அண்ணாச்சி, அப்பா ஓட்டிய 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, ஷெட்டில் கிடக்கிறது. ரோட்டில் இறக்க ஆசை. நெட்டில் தேடினால் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மேனுவலைத்தான் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அதை நம்பி நம்ம வண்டியில் கை வைக்கலாமா?
— வாசகர், தக்கலை

வைக்கலாம் தம்பி, ஆனால் முதலில் பானெட்டைத் திறந்து உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று பாருங்கள். அம்பாசிடரின் மூலமே மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற இங்கிலாந்து கார்தான், 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினும் அங்கிருந்து வந்ததுதான், அதனால் இன்ஜின் பகுதியில் பெரும்பாலான பக்கங்கள் அப்படியே பொருந்தும். ஆனால் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் செய்துகொண்டே இருந்த வண்டி அது. நடுவில் டீசல் வந்தது, 90களில் இசுஸு 1800 சிசி வந்தது. அதுபோக டாக்சி ஓட்டியவர்கள் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை ஏற்றியதும் ஏராளம். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பரும் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் மேனுவலைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரும் அப்படித்தான், சில வண்டியில் எஸ்யூ கம்பெனியுடையது இருக்கும், சிலவற்றில் சோலெக்ஸ் கம்பெனியுடையது. எஸ்யூவுக்கு எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு சோலெக்ஸைத் திருகினால் சாயங்காலம் வரைக்கும் திருகிக்கொண்டே இருக்கலாம்.

அடுத்தது ஸ்கேன் சங்கதி. இந்த பிடிஎஃப்களில் பாதி யாரோ வீட்டில் வைத்து ஸ்கேன் செய்தவை, புள்ளி சரியாக விழாது, 5 என்பது 6 மாதிரித் தெரியும். மாரிஸ் மேனுவலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து, 0.015 அங்குலம், நம்ம மெக்கானிக்குகள் சொல்லும் பதினைந்து தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்டுக்கு 0.014 முதல் 0.016 வரை. மங்கலான பக்கத்தில் 0.015ஐ 0.016 என்று படித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, 0.018 என்று படித்தால் டேப்பெட் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அங்குலத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் மில்லிமீட்டரும் போட்டிருப்பார்கள். அங்குலத்தை 25.4 ஆல் பெருக்குங்கள். 0.015 என்றால் 0.38 வர வேண்டும், வராவிட்டால் இரண்டில் ஏதோ ஒன்று தப்பாகத் தெரிகிறது என்று அர்த்தம். டார்க், அதாவது நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்குக்கும் இதே வேலையைச் செய்யலாம், ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 7.23 பவுண்டு அடி.

ஸ்பானர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர் அங்குலக் கணக்கு வண்டி, பிரீமியர் பத்மினி கார் மில்லிமீட்டர் வண்டி. அரை அங்குல நட்டில் 13 எம்எம் ஸ்பானர் உட்காரும், 0.3 மில்லிமீட்டர்தான் ஆட்டம். ஆனால் கடலோரத்தில் துருப்பிடித்து இறுகிய நட்டு அந்த ஆட்டத்தையே சாக்காக வைத்து மூலை மழுங்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

என் மெக்கானிக் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். போனில் மேனுவலைக் காட்டினால் முகம் மாறிவிடுகிறது. "அப்போ நீங்களே பாத்துக்கிடுங்க" என்கிறார். அவருக்கு ஆங்கிலமும் வாசிக்க வராது. என்ன செய்ய?
— வாசகர், மார்த்தாண்டம்

அவருக்குக் கோபம் வருவது நியாயம்தானே. காலையில் யூடியூப் பார்த்துவிட்டு மதியம் வந்து "இதை இப்படித்தான் கழற்றணும்" என்று சொல்லும் ஆட்களை அவர் தினமும் பார்க்கிறார்.

அம்பாசிடர் என்றால் இப்படிச் செய்து பாருங்கள். மேனுவலில் டேப்பெட் சரிசெய்யும் அட்டவணை இருக்கும். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை சரிசெய், ஆறு திறந்திருக்கும்போது மூன்று, நான்கு திறந்திருக்கும்போது ஐந்து, இப்படியே போகும். எதைக் கூட்டினாலும் ஒன்பது. இந்தக் கணக்கு உங்கள் ஆசானுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், அவருக்கு அவருடைய ஆசான் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள், "நீங்க செய்யறதத்தான் ஆசானே இதிலயும் போட்டிருக்கான்" என்று சொல்லிக் காட்டுங்கள். அதன்பிறகு புத்தகத்தின் மேல் அவருக்கே ஒரு மரியாதை வரும்.

ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. பாகங்களைப் பிரித்துப் பிரித்து வரைந்த படம்தான் மேனுவலில் முக்கால்வாசி. எந்த வாஷர் எந்தப் பக்கம், ஸ்பிரிங் முதலிலா சர்கிளிப் முதலிலா என்பதையெல்லாம் நீங்கள் பத்தி பத்தியாகப் படிப்பதற்குள் அவர் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். போனை நீட்டாமல் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோங்கள், கிரீஸ் பட்டாலும் கவலையில்லை. வேலை முடிந்ததும் அந்தத் தாளின் ஓரத்திலேயே தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம் என்று எழுதி ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை அந்த ஃபைல்தான் உங்கள் வண்டியின் உண்மையான மேனுவல், கம்பெனிக்காரன் எழுதியது உங்கள் வண்டியைப் பார்க்காமல் எழுதியது.

ஹெட்லைட் போட்டால் ஹார்ன் கம்மிவிடுகிறது. ஒயரிங் படம் டவுன்லோட் செய்தேன், ஒன்றும் புரியவில்லை. வண்டி பழைய அம்பாசிடர்.
— வாசகர், நாகர்கோவில்

லைட்டின் கரண்ட்டும் ஹார்னின் கரண்ட்டும் ஒரே மோசமான எர்த் வழியாகத் திரும்ப முண்டுகிறது என்று சந்தேகப்படுகிறேன். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையையும் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

அப்புறம் படம். போனில் பார்த்தால் யாருக்கும் புரியாது. மேனுவலில் அது மடித்து வைத்த பெரிய தாள், ஸ்கேன் செய்தவர் இரண்டாகப் பிரித்து எடுத்திருப்பார், நடுவில் இரண்டு ஒயர் காணாமல் போயிருக்கும். செராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, கலர் பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கார்களுக்கு எலெக்ட்ரிக் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் கணக்குப்படி பழுப்பு என்பது பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர் வருவது, பச்சை சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த். அழகான ஏற்பாடு. ஆனால் உங்கள் வண்டியில் இத்தனை வருஷத்தில் கை வைத்த ஒவ்வொரு எலெக்ட்ரீஷியனும் அன்றைக்குக் கடையில் கிடைத்த கலரைப் போட்டிருப்பார், அதனால் கலரை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று. அந்தக் காலத்து மாரிஸ் மேனுவல்களில் பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். உங்கள் வண்டியில் எது பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் படத்தை நம்பி பேட்டரியை மாட்டாதீர்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டி என்றால் ஒரே நொடியில் டயோடு போய்விடும்.

குளச்சலில் வீடு. பத்மினி வைத்திருக்கிறேன். தரைத் தகடு ஓட்டையாகிவிட்டது. மேனுவலில் துருவைப் பற்றி ஒன்றுமே இல்லையே?
— வாசகர், குளச்சல்

இருக்காது. வொர்க்‌ஷாப் மேனுவல் எழுதியவர்களுக்கு இன்ஜின், கியர், பிரேக்தான் கவலை. முட்டம், குளச்சல் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு பாடிதான் முதல் கவலை, இன்ஜின் அப்புறம். பிளாட்ஃபார்ம் மேட்டைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வெளியேற சின்னத் துளைகள் இருக்கும், பெயிண்ட் அடித்தவர் பட்டி பூசி அடைத்திருந்தால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, இரண்டுக்கும் முன்னால் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவைத்து கோட்டிங் அடிப்பது நல்லது. ஓட்டைத் தகட்டுக்கு மேல் ஃபைபர் ஒட்டும் டிங்கர் வேண்டாம், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்பவரைத் தேடுங்கள்.

ரேடியேட்டர் பகுதியில் உறைபனிக்கு ஆன்டிஃப்ரீஸ் ஊற்று என்று எழுதியிருந்தால் நமக்கென்ன பனியா என்று தாண்டிப் போகாதீர்கள். அது துருவையும் தடுக்கும். கடலோரத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் மேனுவலை இறக்கலாமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
— வாசகர், குலசேகரம்

பழசு என்பதாலேயே எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது, பலவற்றுக்கு இன்னும் பதிப்புரிமை இருக்கிறது, விற்பனைக்கு இருந்தால் வாங்கிவிடுங்கள். ஃபைல் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். மேனுவல் என்று சொல்லி ஆப் இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ கார்டு நம்பர் கேட்டாலோ மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 1995 மாருதி 800. இதை க்ளாசிக் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மேனுவல் கிடைக்குமா?
— கல்லூரி மாணவர், அருமனை

சிரிக்கட்டும். 2021 மத்திய அரசு விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வருஷம் தாண்ட வேண்டும், அதற்கு உங்களுக்கு 2045 வரை பொறுமை வேண்டும். மேனுவல் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு யோகம். 796 சிசி எஃப்8பி இன்ஜினை சுசுகி பல நாட்டில் போட்டது, பாகிஸ்தானில் மெஹ்ரான் என்ற பெயரில் 2019 வரை ஓடியது, அதனால் தெளிவான ஃபைல்கள் நிறைய. உங்களுடையது கார்புரேட்டர் வண்டி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ மாடலின் மேனுவலை எடுத்துவிடாதீர்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் வேலை அதுதான்.

மேனுவலில் சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். ஆனாலும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் அடிக்கடி போகிறது. மேனுவல் தப்பா?
— வாசகர், திங்கள்சந்தை

மேனுவல் தப்பில்லை, அது எழுதிய காலத்துப் பெட்ரோல் வேறு. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள், இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காமல் ஊறி இளகிவிடும். டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகை என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், நம்ம ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன, அதனால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லை. பழைய மேனுவல் சிலவற்றில் பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊது என்று போட்டிருக்கும். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள், அந்த நேரம் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டு நிற்கும் பையனையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.