எத்தனை கதவு?

அன்புள்ள ஐயா,

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது செம்பூரில் இருக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தில் கம்பெனி செக்ரட்டரி. போன மாதம் முதலாளியோடு நரிமன் பாயின்ட்டில் ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். பேச்சு முழுக்க 'ஒரே நாடு ஒரே தேர்தல்' பற்றித்தான். "வருஷம் பூரா தேர்தல் நடந்தால் எப்படித் தொழில் பண்ணுவது? சாசனத்தைத் திருத்தினால் என்ன குறைந்துவிடும்?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று யாரோ ஆரம்பித்ததும் அதே மனிதர், "அதற்கெல்லாம் சாசனத்தில் இடமே கிடையாது, கை வைக்கக் கூடாது" என்று குரலை உயர்த்தினார். சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. பெருமுதலாளிகள் சாசனத்தின் பக்கமா, எதிர்ப்பக்கமா?

ஆர்., செம்பூர்

அன்புள்ள ஆர்.,

தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெரியவர் ஒன்றும் மாற்றிப் பேசவில்லை. ஒரு காரியம் முடிய எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று எண்ணுகிறார், அவ்வளவுதான். கதவைக் குறைக்கிற திருத்தம் என்றால் அவருக்குச் சம்மதம். அரசாங்கம் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் சாசனத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

இது பழைய பழக்கம். 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். வங்கிப் பங்குதாரரான ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டார், வழக்கறிஞர் நானி பல்கிவாலா வாதாடினார். 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இழப்பீட்டைக் கணக்கிட்ட விதம் சரியில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். அரசு வேறொரு சட்டம் போட்டு வங்கிகளை மறுபடி எடுத்துக்கொண்டது. அதோடு விடவில்லை. 1971-ல் 25-வது திருத்தம் கொண்டுவந்து, 'இழப்பீடு' என்றிருந்த இடத்தில் 'தொகை' என்று மாற்றியது. நீங்கள் கம்பெனி செக்ரட்டரி, ஒரு சொல் என்ன பண்ணும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழப்பீடு என்றால், போனதற்கு ஈடாக இருக்கிறதா என்று நீதிபதி கேட்கலாம். தொகை என்றால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்தத் திருத்தமும் சேர்ந்து உரசிப் பார்க்கப்பட்ட இடம்தான் கேசவானந்த பாரதி வழக்கு. மனு போட்டவர் காசர்கோடு பக்கம் எடநீர் மடாதிபதி. வாதாடியவர் மறுபடியும் பல்கிவாலா. 1973 ஏப்ரல் 24-ல், 13 நீதிபதிகளில் 7 பேர், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூடக் குலைக்க முடியாது என்றார்கள். சொத்துச் சண்டையில் தொடங்கி நாட்டுக்கே ஒரு வேலி கிடைத்தது. நன்றி சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து நெருக்கடிநிலை. இந்திராவின் சார்பில் அவருடைய தேர்தல் வழக்கைக் கையில் வைத்திருந்த பல்கிவாலா, அறிவிப்பு வந்ததும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் டாடா சன்ஸ் இயக்குநர்களில் ஒருவர். அதே டாடா குழுமத்தின் தலைவர் ஜே.ஆர்.டி. டாடா என்ன சொன்னார் தெரியுமா? வேலைநிறுத்தம், ஊர்வலம் என்று அலுவலகத்தை விட்டுத் தெருவில் இறங்கவே முடியாத நாட்கள் இருந்தன, நாடாளுமன்ற முறை நமக்கு ஒத்துவராது என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொன்னார். இத்தனைக்கும் ஜே.ஆர்.டி. பண்பாளர், எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் தெரு அமைதியானது அவருக்குத் தெரிந்த அளவுக்கு, அது எப்படி அமைதியானது என்பது உறுத்தவில்லை.

சரி, கதவு குறைவதெல்லாம் தப்பா? அப்படியும் இல்லை. மும்பை எல்லையில் முலுண்ட் நாக்காவில், அதாவது சோதனைச் சாவடியில், ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி கட்ட நாமக்கல் லாரிகள் வரிசை கட்டி நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2016-ன் 101-வது திருத்தத்தால் ஜிஎஸ்டி வந்தது, 2017 ஜூலை 1-ல் அந்த நாக்காக்கள் மூடப்பட்டன. முதலாளிக்கு மட்டுமா லாபம்? டிரைவருக்கும் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம். ஆனால் மாநகராட்சி தன் பெரிய சொந்த வருமானத்தை இழந்து, மாநில அரசு தரும் ஈட்டுத்தொகையை எதிர்பார்த்திருக்கும் நிலைக்கு வந்தது. வரி விகிதங்களைத் தீர்மானிக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். டெல்லி வேண்டாமென்றால் எந்த மாநிலமும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மசோதா மாநிலங்களவையில் வந்தபோது, மாநிலத்தின் நிதி உரிமை பறிபோகிறது என்று சொல்லித்தான் அதிமுக வெளிநடப்பு செய்தது.

இப்போது உங்கள் விருந்துப் பேச்சு. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது பற்றி ஆராய்ந்த, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு, தொழில் அமைப்புகளான சிஐஐ, ஃபிக்கி, அசோசெம் எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. அதற்கான 129-வது திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அடிக்கடி தேர்தல் வந்தால் முடிவுகள் தள்ளிப்போகின்றன என்பது தொழில் தரப்பின் வாதம். வாதம் பொய்யில்லை. ஆனால் தேர்தலே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நம் ஊரிலேயே பார்த்தாயிற்று. 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் ஐந்து வருடம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் நீட்டக்கூடாது, அதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 74-வது திருத்தம் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டி ஒரு விருந்திலாவது யாராவது குரலை உயர்த்தினார்களா? என் காதில் விழவில்லை. நடுவில் ஒரே ஒரு நிர்வாகி, ஒரே ஒரு கதவு. உங்கள் முதலாளி விருந்துக்கு வந்திருக்கக்கூடிய கோஸ்டல் ரோடுகூட அந்த இடைவெளியில்தான் திறந்தது. தாராவிச் சந்தில் தண்ணீர் வராதவருக்குத்தான், போய்த் தட்ட நகர்சேவக் என்று ஒரு வார்டு உறுப்பினர் அப்போது இல்லை.

அடுத்த விருந்தில் அந்தப் பெரியவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் தேர்தல் பேச்சை விட்டுவிடுங்கள். 2024 மார்ச்சில், எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று காட்டிவிடக்கூடிய தேர்தல் பத்திர எண்களை வெளியிட வேண்டாம் என்று தொழில் அமைப்புகள் வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினவே, அது எந்தக் கதவு என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து