நன்றியும் மனக்குறையும் சேர்ந்தே இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 43. கணவர், இரண்டு பிள்ளைகள். வெளியில் சொல்லும்படி பெரிய குறை ஏதுமில்லை. ஆனாலும் மனதில் ஒரு கசப்பு தேங்கிக் கிடக்கிறது. நான் செய்வதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கணவர் கோபக்காரர் அல்ல. ஆனால் ‘களைப்பாகத் தெரிகிறாயே’ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்திருந்தால் என் நாள் நன்றாகப் போகும். அவர் முகம் வாடினால் அன்று முழுவதும் எனக்கு எதுவுமே பிடிக்காது.

அக்காவிடம் மனம்விட்டுச் சொன்னேன். “உன் மகிழ்ச்சிக்கு நீதான் பொறுப்பு. நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களைத் தினமும் இரவில் எழுது” என்றார். எழுதினேன். வீடு, பிள்ளைகள், உடல்நலம் என்று தினமும் அதையேதான் எழுதினேன். கடைசியில் மிஞ்சியது குற்ற உணர்வு. இவ்வளவு இருந்தும் எனக்கு ஏன் போதவில்லை? நான் நன்றி கெட்டவளா? என் மகிழ்ச்சிக்கு நானே பொறுப்பு என்றால், மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டாலும் பொறுத்துப்போக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

பொறுத்துப்போக வேண்டியதில்லை. நீங்கள் நன்றி கெட்டவரும் அல்ல. பிள்ளைகளுக்காக நெகிழ்கிற அதே மனம், கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வருந்தவும் செய்யும். ஒன்று இருப்பதால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

கணவர் கவனிக்காமல் இருப்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் காலையில் அவர் முகத்தைப் பார்த்து, அன்றைய நாள் எப்படிப் போக வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுகிறீர்களே, அது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறையும் படித்தேன். அவரிடம் வாய்திறந்து எதையும் கேட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை. அவராகவே உணர வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். கேட்டு வாங்கும் அன்பு அன்பே அல்ல என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்குகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் எதிரில் இருப்பவருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

‘நீங்கள் என்னைக் கவனிப்பதே இல்லை’ என்று தொடங்காதீர்கள். அது குற்றச்சாட்டு, தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத்தான் அவர் முயல்வார். ‘பிள்ளைகள் தூங்கிய பிறகு சிறிது நேரம் என்னோடு உட்கார்ந்து பேசுங்கள், எனக்கு அது வேண்டும்’ என்று கேளுங்கள். இன்னது வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் அவரால் அதைச் செய்ய முடியும். அவர் அப்போதும் தட்டிக்கழித்தால் வருத்தம் வரும், அது நியாயமானதே. அதற்காகவும் சொல்கிறேன்: யாருடைய முகத்தையும் பார்த்து முடிவாகாத ஒன்று, நடையோ வாசிப்போ தோழியோடு பேச்சோ, உங்கள் வாரத்தில் இருக்கட்டும்.

இனி, நன்றிகளை எழுதும் அந்த நோட்டுப் புத்தகம். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில், மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள், 10 வாரங்களுக்கு. நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். உளவியலாளர் சோன்யா லியுபொமிர்ஸ்கி குழுவினர் பின்னர் செய்த சோதனை ஒன்றில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்வது எதுவும் மனதுக்குப் பழகிப்போய்விடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே தினமும் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரே ஒரு நிகழ்வை எழுதினால் போதும். ‘பிள்ளைகள்’ என்று எழுதாதீர்கள். மகள் என்ன சொன்னாள், அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். அந்த நன்மைக்குக் காரணமானவர் யார் என்று யோசித்து, முடிந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள். எழுத ஒன்றும் இல்லாத வாரத்தில் விட்டுவிடுங்கள். கசப்பை எழுதத் தோன்றினால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அதை மறைக்கப் போய்த்தான் குற்ற உணர்வு வந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எதிலும் நாட்டமின்மை, தூக்கக் குறைவு, பசியின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். நோட்டில் எழுதித் தீர்க்கக்கூடியது அல்ல அது. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.