அந்த டோக்கனைத் தேய்த்துவிடாதீர்கள்

கேள்வி: மொத்தமாக வாங்கிய பழைய நாணயங்களுக்கு நடுவே ஒரு செம்பு வில்லை வந்திருக்கிறது. ஒரு பக்கம் இறகுக் கிரீடம் அணிந்த தலை, 1863. மறுபக்கம் நியூயார்க் கடைக்காரர் ஒருவரின் பெயர். இது கள்ள நாணயமா? எலுமிச்சைச் சாறு போட்டுத் துலக்கலாமா? இந்த வகையைச் சேகரிக்க எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் எலுமிச்சையைத் தள்ளி வையுங்கள். அமிலம் பட்டால் செம்பின் மேல்தோல் கரைந்து, இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பு நிறம் வந்துவிடும். திரும்பப் பழுப்பேறினாலும் பழைய நிறம் கிடைக்காது. மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊற வையுங்கள். அருகில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். எடுத்த பின் துடைக்காமல் தானாக உலர விடுங்கள்.

உங்களிடம் இருப்பது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டோக்கனாகத் தெரிகிறது. 1862இல் மக்கள் தங்கம், வெள்ளியோடு செம்பு-நிக்கல் சென்ட்டையும் பதுக்கினார்கள். மீதி கொடுக்கச் சில்லறை இல்லாமல் தபால்தலை கொடுத்தால் அது கையில் ஒட்டிக்கொண்டது. அதனால் கடைக்காரர்கள் சென்ட் அளவிலேயே, சுமார் 19 மி.மீ. விட்டத்தில், சொந்த டோக்கன் அடித்துக்கொண்டார்கள். சிலவற்றில் 'ஒரு சென்ட்' என்பதற்கு மேலே பொடி எழுத்தில் 'அல்ல' என்று இருக்கும். கள்ள நாணயச் சட்டத்தில் மாட்டாமலிருக்கச் செய்த உபாயம் அது! லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1864இல் வந்த சட்டங்கள் தனியார் நாணயத்துக்கே தடை போட்டன.

அடையாளம் காண ஃபுல்ட் எண்தான் வழி, அதாவது இந்த டோக்கன்களுக்கென ஃபுல்ட் என்பவர்கள் தொகுத்த பட்டியலில் உள்ள எண். மாநிலச் சுருக்கம், ஊர் எண் (நியூயார்க் நகரம் 630, சின்சினாட்டி 165), வணிகர், அச்சு (டோக்கனில் உருவத்தைப் பதிக்கும் வார்ப்படம்), கடைசியில் உலோகம் என்று அது வரிசையாகச் சொல்லும். ஒரே தலை அச்சைப் பல கடைகளுக்குப் பயன்படுத்தியிருப்பதால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏமாறுவது பெரும்பாலும் உலோகத்தில்தான். புழக்கத்தில் இருந்தவை செம்பும் பித்தளையும். வெள்ளி, வெள்ளை உலோக (வெள்ளிபோல் தெரியும் ஈயக் கலவை போன்ற மலிவான உலோகக் கலவை) டோக்கன்கள் பல அக்காலச் சேகரிப்பாளர்களுக்காகவே அடிக்கப்பட்டவை, விலையும் அதிகம். 'வெள்ளி' என்று விற்றால் விளிம்பையும் தேய்ந்த மேடுகளையும் பாருங்கள், பூச்சுக்கு அடியில் செம்பு எட்டிப்பார்க்கும். விளிம்பில் ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் மணல்போன்ற சொரசொரப்பு இருந்தால் வார்த்த போலி.

தொடக்கத்துக்கு ஒரே நகரத்தையோ, மளிகை, மருந்து என ஒரே தொழிலையோ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க், சின்சினாட்டி டோக்கன்கள் ஏராளம், பழக ஏற்றவை. ஒவ்வொன்றின் எடையையும் 0.01 கிராம் வரை குறித்து வையுங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், செம்பில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை போதும்.