படைப்புழுப் பொறியில் விழுந்தது எந்த அந்துப்பூச்சி? – கேள்வி பதில்

கேள்வி: மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவைக் கண்காணிக்க, அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன் ஐயா. விழுவதெல்லாம் படைப்புழுவின் அந்துப்பூச்சிதானா?

பதில்: இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து மருந்து அடிக்கும் முன் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். படைப்புழு ஆணுக்கு முன்னிறக்கை நுனியில் முக்கோண வெள்ளைத் திட்டும், நடுவில் சாய்வான வெளிர்பழுப்பு நீள்வட்டமும் இருக்கும். பின்னிறக்கை வெள்ளை, ஓரத்தில் மெல்லிய கருங்கோடு. புரோடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழுவின் அந்துக்கும் பின்னிறக்கை வெள்ளைதான். ஆனால் அதன் முன்னிறக்கையில் வெளிர்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பச்சைக்காய்ப்புழுவின் அந்துக்குப் பின்னிறக்கை ஓரத்தில் அகலமான கரும்பட்டை உண்டு.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், பெயர் சொல்லுங்கள்.

பதில்: இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கிறது. பின்னிறக்கை தெரியாமல் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எனக்கு விழுவதில் பாதி, புள்ளியே இல்லாத வைக்கோல் நிறம். அவை பெண்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்.

பதில்: பொறியில் இருப்பது பெண்ணின் வாசனை. அதற்கு வருவது ஆண். பின்னிறக்கையின் முன்விளிம்பு அடியில், உடலோடு சேரும் இடத்தில், பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரே தடித்த கம்பிமயிர் இருந்தால் ஆண். இரண்டு மூன்று மெல்லியவை இருந்தால் பெண்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துக்காரன் நான்தான். பெண் அந்து மங்கலாக இருக்கும் என்று பயிற்சியில் சொன்னார்களே?

பதில்: சொன்னது சரி, படைப்புழுப் பெண் மங்கல்தான். ஆனால் உங்கள் பொறியில் கிடப்பது அநேகமாக மித்திம்னா என்ற வேறோர் அந்துப்பூச்சி இனம். இந்த வாசனைக்கு அதன் ஆணும் வரும். கண்ணைப் பாருங்கள்: மித்திம்னா கண்ணின்மேல் நுண்மயிர் அடர்ந்திருக்கும், படைப்புழுவின் கண் வழவழப்பு. கம்பிமயிரை எண்ணாமல் ‘பெண்’ என்று மறுபடி எழுத வேண்டாம்.

கேள்வி: அந்துப்பூச்சி இறக்கையிலிருந்து தூள்போல உதிரும் செதில் கண்ணில் பட்டால் பார்வை போகுமா?

பதில்: போகாது. கசக்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: செதில் உதிர்ந்துபோன பூச்சியை என்ன செய்வது?

பதில்: திட்டும் கோடும் செதிலில்தான் இருக்கின்றன, அது போனால் நிறத்தை நம்ப முடியாது. வயிற்றைக் கிள்ளி, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, ஆணுறுப்பில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் பிடிமடலைப் பார்க்க வேண்டும். கையுறை கட்டாயம். அந்த வேலையே வராதிருக்க, பொறியை இரண்டு நாளுக்கொருமுறை காலி செய்து, பூச்சியை வெண்ணெய்த்தாளில் மடித்து உறைபெட்டியில் வையுங்கள். ஈரமான பிளாஸ்டிக் பை வேண்டாம்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், பெயர்?

பதில்: பின்னிறக்கை.