ரோபோ நடக்க வேண்டும், படியேற வேண்டும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகனுக்கு 6 வயது. ஹாலோவீனுக்கு ரோபோவாகத்தான் போவேன், அதுவும் நீ செய்து கொடுத்த ரோபோவாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கோ ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. கடையில் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். பேய்ப் பண்டிகைக்கா பிள்ளையை அனுப்புகிறாய் என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மற்ற பிள்ளைகள் பளபளவென்று வரும்போது என் பையன் மட்டும் அட்டைப்பெட்டியோடு கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஊசியைப் பற்றிய கவலையை விடுங்கள். ரோபோ வேஷத்தில் தையலே கிடையாது. ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பாக்ஸ் கட்டர், ஒரு ரோல் டக்ட் டேப் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆனால் ஊரில் மாறுவேடப் போட்டி பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு கணக்கு தப்பும். அங்கே பிள்ளை மேடையேறி, "நான்தான் பாரதியார்" என்று நாலு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடும். கண்மை மீசை அதுவரை கலையாமல் இருந்தால் போதும். இங்கே உங்கள் மகன் இருட்டில், குளிரில், தெருத்தெருவாக நடக்கப்போகிறான். வீட்டுக்கு வீடு படி ஏறி இறங்க வேண்டும், கையில் மிட்டாய்ப் பை வேறு. அதனால் ஒவ்வொன்றையும் செய்யும்போது, இதைப் போட்டுக்கொண்டு அவனால் படியேற முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அழகு தானாக வரும்.

முதலில் பெட்டி. பெரிய டயபர் பெட்டி அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். தெரிந்தவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கேட்டு வாங்குங்கள். அளவு எடுக்கும்போது அவனுக்குக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு எடுங்கள். அக்டோபர் 31 மாலை இந்தப் பகுதியில் பாதி வீடுகளில் நடக்கும் சண்டை, "வேஷத்துக்கு மேல் ஜாக்கெட் போடு", "மாட்டேன்" என்பதுதான். ரோபோவில் அந்தச் சண்டை இல்லை, ஜாக்கெட் உள்ளே போய்விடும். பெட்டியின் அடிவிளிம்பு இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். தொடை வரை விட்டால் முழங்காலை மடக்கிப் படியேற முடியாது.

கழுத்து ஓட்டையைச் சின்னதாக வெட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். வெட்டிய விளிம்பு கழுத்தை உரசும். தண்ணீர்க் குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு நுரைக்குழாய் ஹோம் டிப்போ கடையில் கிடைக்கும். நீளவாக்கில் பிளவு இருக்கும், அப்படியே விளிம்பில் செருகிவிடலாம். கை ஓட்டைகளைத் தாராளமாக வெட்டுங்கள். முக்கியமாக, அவனே பெட்டியைத் தலைவழியாகத் தூக்கிக் கழற்ற முடிய வேண்டும். மூன்றாவது தெருவில் "அம்மா, பாத்ரூம்" என்பான். காரில் ஏறுவதானாலும் பெட்டி டிக்கியில்தான் வர வேண்டும், அதோடு பெல்ட் போட முடியாது.

வெள்ளி நிறத்துக்கு அலுமினியம் ஃபாயில் சுற்றலாம் என்று தோன்றும். வேண்டாம், முதல் இடியிலேயே கிழியும். ஸ்ப்ரே பெயின்ட்தான் நல்லது. அதற்கு முன் ஒரு வேலை. பெட்டியின் ஒட்டிய மூலையைப் பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மடித்து, மறுபடி டேப் போடுங்கள். டயபர் குழந்தையின் சிரித்த முகம் உள்ளே போய்விடும், வெற்று அட்டை வெளியே வரும். பெயின்டை வீட்டுக்கு வெளியே, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, மெல்லிய பூச்சாக ரெண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒரே தடவையில் அப்பினால் வழியும். வாடை போக ரெண்டு நாள் விடுங்கள். அடிவிளிம்பில் சுற்றிலும் டக்ட் டேப் ஒட்டுங்கள். மழை வந்தால் முதலில் ஊறுவது அதுதான்.

கைக்கு, துணி உலர்த்தும் ட்ரையரின் பின்னால் மாட்டும் வெள்ளிநிற மடிப்புக் குழாயைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். வழக்கமாகக் கிடைப்பது 4 அங்குலக் குழாய், தடித்த ஜாக்கெட் கை அதற்குள் நுழையாது. வெட்டிய முனையில் கம்பி நீட்டிக்கொண்டு கிழிக்கும், டேப் சுற்றாமல் போடவே கூடாது. முழங்கையும் மடங்காது. புகைப்படத்தில் அருமையாக இருக்கும், உண்மைதான். என்னைக் கேட்டால், சாம்பல் நிற ஜாக்கெட்டின் கையில் வெள்ளி டேப்பைப் பட்டை பட்டையாக ஒட்டிவிடுவேன்.

தலையில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். முகத்தை மூடும் பெட்டி வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் 42 ஆண்டு விபத்துப் பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, சாலையில் நடப்பவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் ஹாலோவீன் மாலையில் சாதாரண மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டது. பக்கவாட்டில் வரும் கார் அவனுக்குத் தெரிய வேண்டும். பழைய சைக்கிள் ஹெல்மெட்டில் ஃபாயிலை ஒட்டி, பைப் கிளீனரில் (கைவேலைக்கு விற்கும், பஞ்சு சுற்றிய வளையும் கம்பி) ரெண்டு ஆன்டெனா நட்டுவிடுங்கள். தலைக்கு ஃபாயில் போதும், அங்கே யாரும் இடிக்க மாட்டார்கள். வெள்ளிப் பெயின்டை நம்பி இருட்டில் விடாதீர்கள். சைக்கிளுக்கு ஒட்டும் ஒளிபிரதிபலிக்கும் டேப்பை முன்னும் பின்னும் ஒட்டுங்கள்.

இனி பட்டன்கள். இது அவன் துறை. பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் டப்பா மூடி, முட்டை அட்டையின் குழிகள், பழைய சிடி, செத்துப்போன ரிமோட், எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு, எது எங்கே என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். குளூ கன் உங்கள் கையில் இருக்கட்டும், அது சுடும். கோணலாக ஒட்டச் சொன்னால் கோணலாகவே ஒட்டுங்கள். ஒவ்வொரு பட்டனும் என்ன செய்யும் என்பதை அவனே முடிவுசெய்து எழுதட்டும். கேலி பற்றிய உங்கள் பயத்துக்கு என் பதிலும் இதுதான். கடை வேஷத்தைப் பார்த்துக் கேட்க ஒன்றும் இருக்காது. பட்டனைப் பார்த்தால் மற்ற பிள்ளைகள் அமுக்கத்தான் வருவார்கள். ஒன்றை அமுக்கினால் அவன் ஆட வேண்டும் என்று வைத்துவிட்டால் தெருவே அமுக்கும்!

முடிந்தால் நெஞ்சில் தபால்பெட்டி மாதிரி ஒரு வாய் வெட்டி, உள்ளே ஒரு துணிப்பையை ஒட்டுங்கள். மிட்டாய் அதில் விழட்டும், கைப்பையும் மிச்சம். கனம் சேரும், தெருவுக்கு ஒரு தடவை காலி செய்ய வேண்டும்.

விளக்கு போட ஆசைப்பட்டால் ஏஏ பேட்டரி போடும் சரவிளக்கு வாங்குங்கள். காசு வடிவப் பேட்டரி உள்ள சின்ன விளக்குகளில் கவனம் தேவை. விழுங்கிவிட்டால் ரெண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அந்தப் பேட்டரி அறையைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022இல் இங்கே சட்டமே வந்தது. டாலர் கடைச் சாமானில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கு இதே பெட்டி ஆகாது, நாற்காலியில் உட்கார முடியாது. வேஷம் போட்டு வரலாமா என்று ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். சில பள்ளிகள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் ஒரு சாம்பல் டி-ஷர்ட்டில் நாலு பட்டன் ஒட்டி அனுப்பலாம்.

அப்புறம் உங்கள் மாமியார். ரோபோ பேயில்லை என்று வாதாடாதீர்கள், எடுபடாது. குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குரங்கு, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குகிறார்களே. அது வேண்டுதல், இது விளையாட்டு. ரெண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் வேஷம் கட்டியவர் வாசலுக்கு வந்தால் ஏதாவது கொடுத்து அனுப்புவது அவருக்குத் தெரியாத வழக்கமாக இருக்காது. 2024இல் தீபாவளியும் இதே அக்டோபர் 31இல்தான் வந்தது, அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள்தான் மாலையில் வேஷம் போட்டார்கள். அப்படியும் சமாதானம் ஆகவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் இருந்து, வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டுமே. அதற்கு அவர் சம்மதித்தால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். விளக்கு எரியாத வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், நீங்களும் போக வேண்டாம்.